மாப்பிள்ளை வேண்டாமென்ற தொலைக்காட்சி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் காலத்துக் கணினி எவ்வளவு பெரியது, அது எவ்வளவு மெதுவாக ஓடியது என்ற கதையெல்லாம் வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே அலுத்திருக்கும். பெண் பார்க்க வந்த வீட்டாரிடம் மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்ட ஒரு தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் நான் அதிகம் வியர்த்தது அந்த ஒரு நாள்தான். அன்று ஹல்துமுல்லை மலையில் நல்ல குளிர்.

அந்த வருடம் தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் தொலைக்காட்சி ஒன்றை நம் நிறுவனம் வெளியிட்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டால் பாட்டுப் போடும், செய்தி காட்டும், மழை வருமா என்று சொல்லும். திரை இருட்டாக இருந்தாலும் காது மட்டும் திறந்தே இருக்கும். கூப்பிட வேண்டிய பெயரை விற்பனைப் பிரிவு தேர்ந்தெடுத்தது. செல்வி. சிறிய பெயர், இனிமையான பெயர் என்று கூட்டத்தில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்களாம். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் செல்வி என்று ஒரு மனுஷியையும் தெரியாது. நான் பண்டாரவளையில் பிறந்தவள். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடி நிற்கும்போது செல்வி என்று ஒரு குரல் கொடுத்தால் வரிசையில் பாதி திரும்பிப் பார்க்கும். ஆனால் நான் அப்போது மென்பொருளைப் புதுப்பிக்கும் பிரிவில், வேறொரு மாடியில் இருந்தேன். பெயர் வைக்கும் கூட்டங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை.

முறைப்பாடு வந்தபோது அதை எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன். வாடிக்கையாளர் முறைப்பாட்டுப் பட்டியலில் படம் இல்லை, சத்தம் இல்லை, ரிமோட் வேலை செய்யவில்லை என்று வரிசையாக இருக்கும். இது 'மற்றவை' என்பதன் கீழ் வந்திருந்தது: 'தொலைக்காட்சி, பெண் பார்க்க வந்தவர்களை அவமதித்தது.' மலையகத் தமிழ் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். கொழும்பிலிருந்து என்னைப் பதுளைக்கு அனுப்பினார்கள்.

பதுளை கடைவீதியில் நம் பொருட்களை விற்கும் நசீர் நானா என்னைக் கண்டதும் நாற்காலி போட்டார். ஃபேனை என் பக்கம் திருப்பினார். அதன் பிறகுதான் கோபப்பட்டார்.

"மிஸ், படம் தெரியல்லன்னு வந்தா மாத்திக் குடுப்பேன். சத்தம் வரல்லன்னு வந்தாலும் மாத்திக் குடுப்பேன். கல்யாணம் நின்னு போச்சின்னு வந்து நிக்கிறாங்க. நான் எதை மாத்திக் குடுக்கிற?"

"உண்மையிலேயே நின்னு போச்சா நானா?"

"நின்னு போச்சாவா? அந்த டீவிய விட்டா மையத்து விழுந்த வீட்டுலயும் பாட்டுப் போடும் மிஸ். லயத்துல இந்தக் காம்பராவுல 'செல்வி, தண்ணி புடி'ன்னு சொன்னா, அடுத்த காம்பராவுல டீவி 'சொல்லுங்கள்'ன்னு எழும்புது. நடுவுல ஒரு செவுரு, அதுவும் கூரை வரைக்கும் இல்ல. நம்மட கம்பெனி ஆக்களுக்கு லயம்னா என்னான்னு தெரியுமா?"

தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுவனத்தைப் பற்றித்தான் கேட்டார்.

அவருடைய வேனிலேயே பூனாகலைத் தோட்டத்துக்குப் போனோம். சம்பந்தப்பட்ட பெண்ணின் பெயரும் செல்விதான். பண்டாரவளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அவளுடைய அப்பா ராயப்பன் என்னை உட்காரச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, முன்காம்பரா சிறியது என்பதால் தொலைக்காட்சியை உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்கள். செருகியை அங்கேயும் மாட்டி வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு ஒரு திரைச்சீலை. திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு செல்விகள். ஒருத்தி சேலை கட்டி, தட்டோடு நின்றாள். இன்னொன்று மேசைமேல் இருட்டாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அன்பாகக் கூப்பிட்டிருக்கிறார். "செல்வி, இங்க வாம்மா."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பதில்: "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

பெண் கொஞ்சம் படித்த பெண் போலிருக்கிறது என்று அவர் பொறுத்துக்கொண்டார். "செல்வி, சமைக்கத் தெரியுமா?"

"மன்னிக்கவும். வேறு விதமாகக் கேளுங்கள்."

அப்போதே அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டதாம். இருந்தாலும் வந்த காரியத்தைக் கேட்டுவிடுவோம் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார். "செல்வி, எம் மகனப் புடிச்சிருக்கா?"

"இதே போன்று மேலும் பல உள்ளன. காட்டட்டுமா?"

ராயப்பன் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். சிரித்திருந்தால் என் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

"டீவி பேசுச்சுன்னு சொன்னோம் மிஸ். அந்தம்மா நம்பல. 'பொண்ணு வாய்க்கொழுப்பு, அப்பன் பொய்யன்'னு கோயில் வாசல்ல வச்சே சொல்லிருச்சு. எம் மக நல்ல புள்ளன்னு யாருக்குப் போய் நான் நிரூபிக்கிறது?"

செல்வி கதவோரம் நின்றிருந்தாள். "நான் அந்த நேரம் பேசியிருக்கணும் மிஸ். பேச்சு வரல, சிரிப்புதான் வந்துச்சு. அன்னைக்கு உள்ளருந்து கேட்ட சத்தத்துல சிரிச்சது மட்டுந்தான் நானு."

அவள் சிரித்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று ராயப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. தொலைக்காட்சியை மாப்பிள்ளை வீடு இருக்கும் ஹல்துமுல்லைக்கு எடுத்துப் போவது, அந்த அம்மாவின் முன்னால் வைத்துக் கூப்பிடுவது, அது பதில் சொல்வதைக் காட்டுவது. அவ்வளவுதான். ராயப்பன், மகள் வரக்கூடாது என்றார். "எம் பேர்ல நடந்த கொளறுபடி, நான் இல்லாம எப்படிப்பா?" என்று அவள் முன்னாலேயே போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் தொலைக்காட்சியைப் போர்வையில் சுற்றி, நானும் அவளும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். முன்சீட்டில் ராயப்பன் நசீர் நானாவிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்த சத்தத்தில் அவள் என் காதருகே சொன்னாள்.

"மிஸ், அப்பாவுக்குத் தெரியாது. அந்த மாப்பிள்ள, ஜெரோம், அவங்க அம்மாவுக்கு மாத்திர வாங்க நம்ம கடைக்குத்தான் வருவாரு. ஒரு வருஷமா வர்றாரு. பெரியவங்க பாத்துப் பேசின மாதிரி இருக்கட்டும்னு நாங்கதான் தரகர்கிட்டச் சொல்லி ஏற்பாடு செஞ்சோம். இது போச்சுன்னா மறுபடி கேக்க வழியே இல்ல."

அதுவரை அது எனக்கு ஒரு முறைப்பாடாக இருந்தது. அதற்குப் பிறகு மடியில் கனம் கூடிவிட்டது.

ஜெரோமின் வீடு பிரதான வீதிக்கு மேலே, படி ஏறிப் போகும் சின்ன வீடு. அவனுடைய அம்மா வாசலிலேயே நின்றார்.

"என்ன, சீர் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லைங்க, நான் இந்த டீவி செஞ்ச கம்பெனிலருந்து வர்றேன்," என்றேன்.

"அதுக்கு நீங்க அம்மாவா?"

"அப்படியே வச்சுக்கங்க."

"அப்பன்னா புள்ளைய ஒழுங்கா வளத்திருக்கணும்."

அவருடைய கணவர் சூசை, தோட்டத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்தவர், "வந்தவங்கள வாசல்ல நிறுத்தாத" என்று சொல்லி எங்களை உள்ளே விட்டார். செல்வி மட்டும் வெளியே, இஸ்தோப்புத் திண்ணையிலேயே நிற்கவேண்டும் என்றார் அந்த அம்மா. அவள் அங்கேயே நின்றாள். ஜெரோம் ஒரு மூலையில், தான் இந்த உலகத்திலேயே இல்லாதவன் போல நின்றான். அவனுடைய தொலைபேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு இணைய இணைப்புக் கொடுத்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டேன்.

"செல்வி!"

தொலைக்காட்சி ஒன்றும் சொல்லவில்லை. இஸ்தோப்பிலிருந்து தெளிவாகப் பதில் வந்தது.

"என்னங்க மிஸ்?"

"பாத்தீங்களா! அதே கொரலு!" என்றார் ஜெரோமின் அம்மா.

நான் திரையைப் பார்த்தேன். அதில் ஒரு நீலக்கோடு ஓட ஆரம்பித்திருந்தது. 'புதிய மென்பொருள் கிடைத்துள்ளது. நிறுவப்படுகிறது.'

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. முறைப்பாட்டைக் கேள்விப்பட்ட விற்பனைத் தலைவர், நான் திரும்பி வரும்வரை பொறுக்காமல், பெயரை மாற்றச் சொல்லிவிட்டார். என் பிரிவுப் பிள்ளைகள் அதைச் சுறுசுறுப்பாகச் செய்து அனுப்பியும் விட்டார்கள். நிரூபிக்க வந்த குற்றத்தை நம் நிறுவனமே என் கண்முன்னால் துடைத்துக்கொண்டிருந்தது. நானே நடத்திய பிரிவு. அவர்கள் இவ்வளவு வேகமாக ஒரு வேலையை முடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செருகியைப் பிடுங்கிவிடலாமா என்று கை போனது. பாதியில் பிடுங்கினால் பழைய பெயர் தப்பலாம். இல்லாவிட்டால் பெட்டியே செத்துப்போகலாம். செத்த பெட்டியை வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் எதையும் சொல்ல முடியாது. கோடு நகர்ந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு சிரமமான வேலை என்று எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். நான் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொன்னேன்.

"அம்மா, இது இப்ப பேர மாத்திக்கிட்டு இருக்குங்க."

"பேர மாத்துதா? பொலிசுக்குப் பயந்தவன் மாதிரியா?"

"அப்படித்தாங்க. கொழும்புல அவசரப்பட்டுட்டாங்க."

"புதுப்பேரு என்னவாம்?"

அது எனக்குத் தெரியவில்லை. வாசற்படியில் நின்று விற்பனைத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் உற்சாகமாக இருந்தார். பிரச்சினையைத் தீர்த்துவிட்டோம், காலையில் அவசரக் கூட்டம் போட்டோம் என்றார். கல்யாண வயதில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பெயர் இருக்காதாம், பழங்காலத்துப் பெயராம், நன்றாகத் தேடிப் பிடித்தார்களாம்.

"என்ன பெயர் சார்?"

"பொறுங்கள். 'ப'வில் வரும். எழுதி வைத்தவரைக் கூப்பிடுகிறேன்."

தொலைபேசியில் அவர் யாரையோ தேடும் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலக்கோடு முடிந்து திரை இருண்டது. இந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நினைத்த சூசை, மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"பவளம், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்து."

"மன்னிக்கவும். அந்தச் சேவை தற்போது இல்லை."

சூசை அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு பதில் அவருக்கு வந்திருக்காது.

"என்ன சொன்ன?"

"நான் வாயே தொறக்கலயே," என்றார் மனைவி.

"பவளம், வந்தவங்க முன்னுக்கு வெளயாடாத."

"சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்."

அந்த அம்மா தன் வாயைக் கையால் இறுக்கப் பொத்திக்கொண்டார். அப்படியும் குரல் வருகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. சூசைக்குக் கோபம் ஏறிவிட்டது.

"பவளம்! பின்ன நீ எதுக்குத்தான் இருக்க?"

"பாடல்கள், செய்திகள், காலநிலை ஆகியவற்றை என்னிடம் கேட்கலாம்."

பொத்திய கைக்குள்ளிருந்து முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. பிறகு அவர் சுவரோரம் இருந்த பலகையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வடிய வடியச் சிரித்தார். நசீர் நானா சிரித்தார். ராயப்பன், தன் கௌரவம் காப்பாற்றப்பட்டதா இல்லையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்துவிட்டுப் பிறகு சிரித்தார். சூசை மட்டும் தொலைக்காட்சியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடித்துவிட்டேன்," என்றது என் காதிலிருந்த தொலைபேசி. "பவளம்!"

"தெரியும் சார்," என்று சொல்லி வைத்தேன்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். "அடியே செல்வி, ஏன் வெளிய நிக்கிற? உள்ள வா." அவள் வந்தாள். வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். ஒரு தடவைகூட வந்திராத வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என ராயப்பன் யோசிக்கவில்லை. ஜெரோமின் அம்மா யோசித்தார். மகனைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. மாதா கோயிலில் சாமியார் மணமகளின் பெயரைச் சொன்னபோது முதல் வரிசையில் இருந்தவர்கள் சிரித்ததற்குக் காரணம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியவில்லை. கொழும்பில் நான் கொடுத்த யோசனை சுருக்கமானது. பெயரே வேண்டாம், ரிமோட்டில் ஒரு பொத்தான் வைப்போம், பேச வேண்டியவர் அதை அழுத்திப் பேசட்டும் என்றேன். இது பின்னோக்கிப் போவது என்று விற்பனைத் தலைவர் வருத்தப்பட்டார். போவோம் என்றேன். உங்களுக்கு இதில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு குறையைத் திருத்துவதற்கு முன்னால், அந்தக் குறை உள்ள ஒன்றை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் ஒருவர் நிற்கும்போது மேசையிலிருந்து திருத்தம் அனுப்பாதீர்கள். எனக்கு ஒரு பவளம் இருந்தார். உங்களுக்கு இருக்கமாட்டார்.

அதோடு பேச்சை முடித்துவிடலாம். ஆனால் நான் அதிகம் நினைத்துக்கொள்வது, அன்று பிற்பகல் நாங்கள் கிளம்புவதற்கு முன் நடந்ததை.

தேத்தண்ணி குடித்து முடித்தபின் ஜெரோமின் அம்மா ஒரு கேள்வி கேட்டார். சிரிப்பெல்லாம் போய், யோசித்துக் கேட்ட கேள்வி.

"மிஸ், பேரச் சொன்னாத்தானே இது பேசுது. பேரச் சொன்னது இதுக்கு எப்படித் தெரியுது? அப்ப எந்நேரமும் கேட்டுக்கிட்டேவா இருக்கு?"

இந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சேவையை மேம்படுத்துவதற்காக என்று தொடங்கும் வாக்கியம் அது. நீளமானது. முடியும்போது கேட்டவருக்குக் கேள்வி மறந்துபோகும். நான் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்க. கேட்டுக்கிட்டேதான் இருக்கு. பேரச் சொன்னதுக்குப் பிறகு நீங்க பேசுறது கொழும்புக்குப் போகும். அங்க பதிவாகும்."

ராயப்பன் தன் வீட்டில் அந்தப் பெட்டிக்கு முன்னால் இதுவரை என்னவெல்லாம் பேசினோம் என்று நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. நசீர் நானா தரையைப் பார்த்தார். இதைக் கேட்டபின் ஊரில் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். ஒலிவாங்கியை நிறுத்திவிடுகிறேன், எப்படி நிறுத்துவதென்று காட்டியும் தருகிறேன் என்று சொல்லி எழுந்தேன்.

"பொறுங்க மிஸ்," என்றார் சூசை. "நெசமாவே கொழும்புக்குப் போகுதா?"

"போகுதுங்க."

"யாராச்சும் கேப்பாங்களா?"

"சிலதைக் கேப்பாங்க."

அவர் எழுந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்றார். அதுவரை மனைவியை அதட்டிய குரல் இல்லை இது. தோட்டத் துரையின் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப்போகும் மனிதரின் குரல்.

"பவளம் அம்மா அவர்களே."

"சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் குடும்பம் இன்னும் மேல லயத்துலதான் இருக்கு. மழ பெஞ்சா மண்ணு சரியும், எழும்பிப் போங்கன்னு வந்து சொல்லிட்டுப் போறாங்க. எங்க போறதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. வீடு கட்ட ஒரு துண்டுக் காணி எப்ப குடுப்பாங்க?"

தொலைக்காட்சி யோசித்தது. சிறிய வட்டம் ஒன்று திரையில் சுற்றியது. நாம் எழுதிய வட்டம் அது.

"உங்கள் பகுதியில் இன்று மழைக்கு வாய்ப்பு உள்ளது. வெளியே செல்லும்போது குடை எடுத்துச் செல்லுங்கள்."

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இது இயந்திரம், இதற்குத் தெரியாது, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்தான் இதற்குப் பிடிபட்டது என்று. சூசை என் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு அது புதிய பதிலாகவும் தெரியவில்லை.

"குட இருக்குங்க," என்றார் அவர் பொறுமையாக. "பவளம் அம்மா, காணியக் கேட்டேன்."

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்."

சூசை இன்னும் ஓரடி கிட்டே போனார். கைகளைக் கட்டிக்கொண்டார். முதலிலிருந்து, இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, மறுபடியும் சொன்னார்.